ஒரு மாதத்துக்கு ஏழெட்டு விதமான புத்தகங்கள்: எதை, எப்படி, எங்கே தட்டும்?

பின்னட்டை

இந்த மாத வாசிப்பில் அடுத்தவர் கையில் தைரியமாகக் கொடுக்கக்கூடியவை இவை. கதைச்சுருக்கம் போடவில்லை, அது அட்டையிலேயே இருக்கும். எப்படிப் படித்தால் ஓடும், எந்த இடத்தில் நின்றுபோகும் என்பது மட்டும்.

முதலில் உ.வே.சா.வின் என் சரித்திரம். 122 அத்தியாயம். 1940 ஜனவரியிலிருந்து 1942 மே வரை ஆனந்த விகடனில் வாரம் ஒன்றாக வந்தது. அதனால் ஒவ்வொரு அத்தியாயமும் தனியாக எடுத்துப் படிக்கிற மாதிரி அளவாக இருக்கும். ஒரு நாளைக்கு நாலு என்று வைத்தால் மாதம் முடியும்போது புத்தகமும் முடியும்.

பலர் தொடக்கத்திலேயே விட்டுவிடுவார்கள். முன்னோர், ஊர்ப்பெயர்கள், கனம் கிருஷ்ணையர் வழி வந்த சங்கீதச் செய்திகள் என்று அந்தப் பகுதி நிதானமாகப் போகும். அங்கே சலிப்பு தட்டினால் தயங்காமல் தாண்டி, 1871-இல் மாயூரம் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேரும் இடத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து ‘என்ன பிரயோசனம்?’ அத்தியாயம் வரை போய்விட்டால், விட்ட பகுதியைத் தேடித் தானாகத் திரும்பி வருவீர்கள்.

கூடவே தினம் இரண்டு குறுந்தொகைப் பாட்டு. பத்து நாளைக்கு ஒரு நாவல்: அசோகமித்திரனின் 18வது அட்சக்கோடு, ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி, தாராசங்கர் பந்தோபாத்யாயவின் ஆரோக்கிய நிகேதனம். பஸ்ஸில், வரிசையில் நிற்கும்போது படிக்க தொ. பரமசிவனின் பண்பாட்டு அசைவுகள். உப்பு, எண்ணெய், உடை என்று சின்னச் சின்னக் கட்டுரைகள், எங்கே திறந்தாலும் சரி.

ஏட்டுச்சுவடி

பட்டியல் நல்ல பட்டியல்தான், சுமைதான் கூடுதல். என் சரித்திரம் அத்தியாயம் ஒன்று ஆறேழு பக்கம். நாலு அத்தியாயம் என்றால் இருபத்தைந்து பக்கத்துக்குக் குறையாது. அதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். அதன் மேல் ஒரு நாவலும் ஓடினால் இரண்டாவது வாரத்தில் இரண்டுமே நிற்கும். நாளுக்கு இரண்டு அத்தியாயம், 61 நாள், அதுதான் சரியான வேகம். வாரத்துக்கு ஒன்று என்று எழுதப்பட்டதை நாளுக்கு நாலாக விழுங்கினால் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும்.

நாவல்களுக்குக் கணக்குப் போடும்முன் அந்த நாவலிலேயே பத்துப் பக்கம் படித்து நேரம் பாருங்கள். அசோகமித்திரன் பத்துப் பக்கத்துக்கும் சிங்காரம் பத்துப் பக்கத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம் வரும். பக்க எண்ணிக்கையை வைத்து நாளைப் பிரித்தால் கணக்கு தப்புவது இதனால்தான்.

என் சரித்திரத்துக்கு முன் ஐந்து சொல் தெரிந்திருந்தால் போதும்: அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ், யமகம், திரிபு. முதல் மூன்றும் எல்லாருக்கும் ஓரளவு தெரியும். யமகம் என்றால் ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் அதே எழுத்துத்தொடர் வேறு பொருளில் வரும். திரிபில் முதலெழுத்து மட்டும் மாறி மற்றவை அப்படியே வரும். இந்த இரண்டும் புரிந்தால்தான் அந்தக் காலத்துப் புலவர்கள் எதில் தங்கள் சாமர்த்தியத்தைக் காட்டினார்கள் என்பது பிடிபடும். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், உ.வே.சா. தான் படித்ததாகச் சொன்ன நூல்களின் நீண்ட பட்டியலைக் கேட்டுவிட்டு ‘என்ன பிரயோசனம்?’ என்று ஏன் கேட்டார் என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

இன்னொன்று. 1942 ஏப்ரலில் உ.வே.சா. காலமாகிவிட்டார். மணிமேகலைப் பதிப்பு (1898) தாண்டிச் சற்று தூரத்தில் கதை அப்படியே நின்றுவிடும். கடைசிப் பக்கங்கள் கிழிந்த பிரதி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

கல்லணை

பொன்னியின் செல்வன் ஏன் இல்லை?

பின்னட்டை

ஐந்து பாகம் சேர்த்து 293 அத்தியாயம். மாதத்தில் முடிக்க நாளுக்குப் பத்து. கையில் எடுத்தால் பத்தும் ஓடும்தான், ஆனால் வேறு எதற்கும் இடம் விடாது. அதற்கென்று ஒரு மாதத்தைத் தனியாகக் கொடுங்கள்.

ஏட்டுச்சுவடி

குறுந்தொகை பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘தினம் இரண்டு பாட்டு’ என்று சொன்னவுடன் பலர் பாட்டைப் பார்த்து, கீழே உரையைப் பார்த்து, ‘அழகு’ என்று அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். அப்படிப் படித்தால் உரைநடையைப் படித்ததாகத்தான் கணக்கு.

கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு. பெரும்பாலும் நாலு முதல் எட்டடி. நாளுக்கு இரண்டு என்றால் மாதத்தில் 60, அது போதும். உ.வே.சா. 1937-இல் போட்ட பதிப்பின் உரையமைப்பு இதற்குத் தோதானது. பதவுரைக்குக் கீழே ‘முடிபு’ என்று ஒரு வரி இருக்கும். எந்தச் சொல் எதோடு போய்ச் சேருகிறது என்பதை அந்த ஒற்றை வரி காட்டிவிடும். எல்லாரும் தாண்டிப் போகிற வரி அதுதான், முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான்.

படிக்கும் வரிசை: முதலில் கூற்று. யார் பேசுகிறார்கள், யாரிடம்? அடுத்து வினைமுற்றையும் எழுவாயையும் தேடுங்கள். பெரும்பாலும் கடைசி அடியில் கிடைக்கும். அதற்குப் பிறகுதான் நடுவில் இருப்பதைப் பிரிக்க வேண்டும். உரை கடைசியில்.

167-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூடலூர் கிழார் பாடியது, முல்லைத் திணை. மகளின் புது வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்கிறாள். ஆறே அடி. கடைசி அடியில் வினை ‘மகிழ்ந்தன்று’. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குவார்கள். ‘அன்று’ என்று முடிவதால் ‘மகிழவில்லை’ என்று படித்துவிடுவார்கள். அது எதிர்மறை இல்லை. ஒன்றன்பாலில் இறந்தகாலம், மகிழ்ந்தது என்று பொருள். மகிழ்ந்தது எது? ‘முகன்’, முகம். இவ்வளவும் கையில் வந்தபின் மேலே போனால், முகம் மகிழ்வதற்குமுன் நடந்ததெல்லாம் வரிசையாக நிற்கும். கட்டித் தயிரைப் பிசைந்த விரல், அதைத் துடைத்த துணியைத் துவைக்காமலே உடுத்தது, ‘குய்ப்புகை’ அதாவது தாளிப்புப் புகை மையிட்ட கண்ணில் நிறைவது, தானே துழாவிச் சமைத்த புளிப்பான குழம்பு, கணவன் ‘இனிது’ என்று சொல்லிச் சாப்பிடுவது.

இப்போது ‘நுண்ணிதின்’ என்ற சொல்லைப் பாருங்கள். மகிழ்ச்சி வெளியே தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. பக்கத்தில் நின்று உற்றுப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். செவிலி அப்படிப் பார்த்திருக்கிறாள் என்பது அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகிறது. உரையில் ‘நுண்ணிதாக மகிழ்ந்தது’ என்று ஒரே மூச்சில் போய்விடும், நாம்தான் நிற்க வேண்டும்.

கல்லணை

துவைக்காத துணியை உடுத்தினாள் என்பதை அழுக்கு என்று எடுப்பதா, அவசரம் என்று எடுப்பதா?

ஏட்டுச்சுவடி

அடுத்த அடியைப் பாருங்கள், அடுப்பில் தாளிப்பு நடக்கிறது. தயிர்க் கையோடு நிற்கிறவள் துணி மாற்றப் போனால் குழம்பு தீய்ந்துவிடும். சமையல் பழக்கம் இன்னும் கைக்கு வரவில்லை, ஆனாலும் ‘தான்’ செய்தாள். அந்தத் ‘தான்’ சும்மா போட்ட சொல் இல்லை. செல்வ வீட்டில் வளர்ந்த பெண் என்பது செவிலி இருப்பதிலேயே தெரிகிறது.

சுக்கான்

புயலிலே ஒரு தோணியைப் பத்து நாளில் அடக்கலாம், ஒரு நிபந்தனையோடு. பக்கத்தில் சுமத்ரா, மலாயா வரைபடம் வேண்டும். மெடான், அதன் துறைமுகம் பெலவான், நடுவில் மலாக்கா நீரிணை, எதிரே பினாங்கு. இந்த நாலையும் பென்சிலால் குறித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மெடான் தெருப்பெயர்கள் டச்சில் வரும். ‘ஸ்ட்ராட்’ என்று முடிந்தால் தெரு, அவ்வளவுதான்.

அடுத்த சிக்கல் சொற்கள். வட்டிக்கடைப் பேச்சு அப்படியே வருகிறது: மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், மார்க்கா. இவற்றுக்கு அகராதியைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். செட்டிநாட்டு லேவாதேவிக் கடையில் யாருக்கு மேல் யார் என்ற படிவரிசை மட்டும் மனதில் இருந்தால் போதும். மலாய்ச் சொல்லைச் சூழலிலிருந்து ஊகித்துவிடலாம். ‘தொங்கான்’ மட்டும் முன்பே தெரிந்திருக்கட்டும். அது சரக்கேற்றும் பாய்மரக் கப்பல், தலைப்பில் இருக்கும் தோணி அதுதான்.

உண்மையான தடை வேறு. மது மேசையைச் சுற்றி நடக்கும் உரையாடல்களில் பழைய இலக்கியத்தைக் கேலியும் கிண்டலுமாக இழுத்துப் போடுவார்கள். எந்த வரி எதிலிருந்து என்று தெரியாவிட்டால் வெறும் அரட்டையாகத் தோன்றும். தெரிந்தால் சிரிப்பு அடங்காது. முதல் வாசிப்பில் தெரியாததற்கு ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு ஓடுங்கள். அங்கே நின்றால் நாவல் நின்றுவிடும்.

சிங்காரத்தின் இன்னொரு நாவலான கடலுக்கு அப்பால் (1959) அளவில் சின்னது, நேர்க்கோட்டில் போகும் கதை. அதே நிலம், அதே யுத்தகாலம். அதை முதலில் படித்துவிட்டு 1972-இல் வந்த தோணிக்குள் போனால் ஊரும் ஆட்களும் பழக்கமாகியிருப்பார்கள். இரண்டையும் ஒரே தொகுதியாகப் போட்ட பதிப்பும் உண்டு.

பின்னட்டை

கடலுக்கு அப்பாலை முதலில் படிப்பதில் உடன்பாடில்லை. சின்னதைப் படித்து, ‘சரி, காதல் கதைதான்’ என்று பெரியதைத் தொடாமலே விட்டவர்கள் அதிகம். சிங்காரம் எழுதியது மொத்தமே இரண்டு நாவல். தோணியிலேயே ஏறிவிடுவது நல்லது.

சுக்கான்

வரைபடம் இருந்தால் ஏறலாம், இல்லாவிட்டால் கரையிலேயே தலைசுற்றும்.

படலை

ஈழத்து எழுத்து ஒன்றுகூட இல்லாத பட்டியல் கலவையான பட்டியலோ? கே. டானியலின் பஞ்சமரைச் (1972) சேருங்கோ. தலைப்பு ஐந்து சாதிகளைக் குறிக்குது: பள்ளர், நளவர், பறையர், வண்ணார், அம்பட்டர். அறுபதுகளில் யாழ்ப்பாணத்தில் நடந்த ஆலயப் பிரவேசம், தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களைப் பற்றி முதலில் ஒரு கட்டுரையாவது வாசிச்சிட்டுத் தொடங்கினால் நல்லது. 1966 அக்டோபர் ஊர்வலம், 1968 மாவிட்டபுரம் கோயில் போராட்டம் எண்ட இரண்டு திகதியும் மனதில இருந்தால் காணும். டானியல் அந்த இயக்கத்துக்குள்ளேயே நிண்டவர். அதால பாத்திரங்களின்ர கோபத்துக்குக் காரணத்தை அவர் தனியா விளக்கிக்கொண்டு நிக்க மாட்டார்.

தமிழ்நாட்டு ஆக்களுக்கு இடறுற சொற்களில முதலாவது ‘அவை’. எங்கட பேச்சில அது ‘அவர்கள்’. ‘அவை வந்தவை’ எண்டால் மனிசர் வந்தவை, சாமான் இல்லை. இதைத் தெரியாமல் வாசிச்சால் வசனம் முழுக்கக் கோணலாகப் போகும். மற்றது: பேந்து என்றால் பிறகு, படலை என்றால் வேலியில இருக்கிற வாசல், கதியால் என்றால் வேலிக்கு ஊன்றுகிற தடி, வளவு என்றால் வீட்டோடு சேர்ந்த காணி. ‘கமக்காரன்’ எண்டால் வெறும் விவசாயி எண்டு எடுக்கக்கூடாது. இந்தக் கதைகளில அது நிலமும் சாதி அதிகாரமும் சேர்ந்த சொல், கூப்பிடுகிறவர் ஆர், கூப்பிடப்படுகிறவர் ஆர் எண்டு பாருங்கோ. முதல் ஐம்பது பக்கத்தைச் சத்தம்போட்டு வாசியுங்கோ. கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும்.

நூலகம் தளத்தில ஈழத்துப் புத்தகங்கள், சஞ்சிகைகள் ஏராளமாக மின்வருடி வைத்திருக்கினம். கடையில கிடைக்காட்டில் முதலில அங்க தேடுங்கோ.

பின்னட்டை

ஏற்றுக்கொண்டேன். அட்சக்கோட்டை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டுப் பஞ்சமரை வைக்கலாம்.

சார்மினார் பக்கம்

அதை ஏன் தள்ளுகிறீர்கள், மூன்றும் சேர்ந்து இருக்கிறதிலேயே சீக்கிரம் முடிவது அதுதான்! செகந்திராபாத் 1947, 48. நாவல் சரித்திரத்தை விளக்காது, பையனுக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரியும். முன்கூட்டித் தெரிய வேண்டியவை: ரஜாக்கர்கள் யார், 1947 நவம்பரில் நிஜாம் அரசும் இந்திய அரசும் செய்துகொண்ட ‘நிலைமை மாறா’ ஒப்பந்தம், 1948 செப்டம்பர் 13-இல் இந்திய ராணுவம் உள்ளே வந்தது, 17-இல் நிஜாம் பணிந்தது. போதும்.

கதை சில இடத்தில் ‘நான்’ என்று போகும், சில இடத்தில் ‘சந்திரசேகரன்’ என்று போகும். அச்சுப்பிழை இல்லை. அந்த மாற்றம் எங்கே நடக்கிறது என்று பக்க எண்ணைக் குறித்துக்கொண்டே போங்கள், இரண்டாம் வாசிப்புக்கு அதுவே சாவி. கிரிக்கெட் பகுதி நீளம் என்று தாண்டுகிறவர்கள் உண்டு. தாண்டக்கூடாது. யார் யாரோடு விளையாடினார்கள், எப்போது விளையாடாமல் போனார்கள் என்பதில்தான் ஊர் மாறுவது தெரிகிறது.

கல்லணை

ஆரோக்கிய நிகேதனம் பற்றி யாரும் பேசவில்லையே. மொழிபெயர்ப்பு பழையது, நடை தேங்கும் என்கிறார்கள்.

பின்னட்டை

த.நா. குமாரஸ்வாமி வங்காளத்திலிருந்து நேரே மொழிபெயர்த்தது, சாகித்திய அகாதெமி வெளியீடு. நடை அந்தக் காலத்து நடைதான். ஆனால் நாடி பார்க்கும் கிழவைத்தியர் ஜீவன் மஷாயின் உலகத்துக்கு அந்த நடை பொருந்திப்போகிறது. ‘மஷாய்’ என்பது பெயரின் பகுதி இல்லை, ‘மகாசயர்’ என்ற மரியாதைச் சொல்லின் வங்காளப் பேச்சு வடிவம். கதை முன்னும் பின்னும் போகும். கிழவர் இப்போது பார்க்கும் நோயாளி, அவருடைய இளமை, அப்பா காலத்து வைத்தியம் என்று மூன்று அடுக்கு. ஒரே நாளில் இரண்டு அடுக்குக்கு மேல் மாறாதபடி அத்தியாய முடிவில் நிறுத்தினால் குழப்பம் வராது.

பெனிசிலின் வகை மருந்துகளோடு வரும் இளம் டாக்டரை வில்லன் என்று முடிவுகட்டிவிட்டுப் படிக்காதீர்கள். தாராசங்கர் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் வைத்திருக்கிறார். நடையில் மாட்டிக்கொள்கிறவர்கள் முதலில் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த தகழியின் செம்மீனைப் படித்துவிட்டு இதற்கு வரலாம். அதில் தமிழ் தடையில்லாமல் ஓடும்.

வராகன்

கதையும் கவிதையுமாகவே போகிறதே. ஒரு நாட்குறிப்பையும் போடுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை, பாண்டிச்சேரி. முழுவதையும் படிக்க ஒரு மாதமல்ல, ஒரு வருடம் வேண்டும். 1746-ஐ மட்டும் எடுங்கள்: பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த வருடம். பாண்டிச்சேரி கவர்னர் தூய்ப்ளெக்சுக்கும் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லாபூர்தொனேக்கும் நடந்த இழுபறியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் எழுதியது.

தட்டுகிற இடங்கள் மூன்று. வாக்கியம் முடியவே முடியாது. ‘என்று சொன்னதற்கு’, ‘என்று சொல்ல’ என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ‘சொன்ன’விலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், பேச்சு மாறுவது தெரியும். இரண்டாவது, பிரெஞ்சுச் சொற்கள் தமிழ் உருவில் வரும். முசே என்றால் ஐயா, கோன்சேல் என்றால் ஆலோசனைச் சபை. இதையெல்லாம் வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும்.

மூன்றாவது தேதி. அறுபதாண்டுச் சுற்றில்தான் வருடம் இருக்கும். 1747 சித்திரையில் பிரபவ தொடங்குகிறது. அதனால் அதற்குப் பின்வரும் எந்த வருடத்துக்கும் 1747-ஐக் கழித்து ஒன்றைக் கூட்டுங்கள். 1750 என்றால் நாலு, நாலாவது பிரமோதூத. சென்னை விழுந்த 1746 புரட்டாசி அதற்கு முந்தைய சுற்றின் கடைசி வருடம், அட்சய. ஆங்கிலேயர் குறிப்புகளோடு ஒப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு பொறி: 1752 வரை அவர்கள் பழைய நாட்காட்டியில் இருந்தார்கள், 11 நாள் பின்தங்கும். சென்னை சரணடைந்தது பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21, ஆங்கிலேயக் கணக்கில் 10. இரண்டும் ஒரே நாள்தான். ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

நிழற்படி

மின்னூலில் படிக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. என் சரித்திரம், குறுந்தொகை இரண்டும் மதுரைத் திட்டம் (Project Madurai) இணையதளத்தில் இலவசம். யூனிகோடு எழுத்தாகவே இருக்கின்றன, கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும். நாட்டுடைமையான பழைய நூல்களின் மின்வருடல் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும். அவை படங்கள், மடங்காது. ஆறு அங்குலத் திரையில் ஒரு பக்கத்தை நாலு தடவை இழுத்து நகர்த்த வேண்டியிருக்கும். அதற்கு டேப்லெட் வேண்டும், இல்லாவிட்டால் கைபேசியைக் குறுக்காகத் திருப்பி அரைப் பக்கமாகப் படியுங்கள்.

1978-க்கு முந்தைய அச்சு என்றால் பழைய எழுத்து இருக்கும். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு முன்னால் தும்பிக்கை மாதிரி சுழித்த கொம்பு, ணா, றா, னா மூன்றும் கால் போடாமல் ஒட்டிய வடிவம். இருபது பக்கத்தில் கண் பழகிவிடும். ஆனால் படத்தை எழுத்தாக்கும் எழுத்துணரி (OCR) மென்பொருளில் போட்டால் இந்த ஏழும்தான் முதலில் சிதறும். அப்படி மாற்றிய கோப்பில் ‘லை’ வர வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது வந்தால் மூலப் படத்தைத் திறந்து பாருங்கள். சங்கப் பாட்டை மட்டும் அப்படி மாற்றிய கோப்பில் படிக்கவே கூடாது. ஒரு புள்ளி விழுந்தால் பொருளே மாறிவிடும்.

ஏட்டுச்சுவடி

புள்ளி மட்டுமில்லை, அளபெடையும். ‘கழாஅது’ என்பதில் உள்ள ‘அ’வைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுகிறார்கள். ஓசைக்காக வந்தது, எடுத்தால் அடி உடையும்.

கல்லணை

வராகன் அண்ணா, உங்கள் கணக்கின்படி 1761 தை மாதம், பாண்டிச்சேரி விழுந்த சமயம்: கழித்துக் கூட்டினால் 15 வருகிறது. விஷு, சரிதானே?

வராகன்

இல்லை, விக்கிரம. வருடம் சித்திரையில்தான் மாறும். தை, மாசி, பங்குனி மூன்றும் முந்தைய வருடத்தோடு போகும், அதனால் 1760 என்று வைத்துப் போடுங்கள், 14 வரும். பங்குனியில் ஆங்கில மார்ச்சும் ஏப்ரல் தொடக்கமும் வரும், அங்கேயும் இதே தப்பு நடக்கும்.